தண்ணீரில் கரண்ட் இல்லை என்றவர்

முதலாளி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக் கோமாளி மீன் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டு நின்ற காட்சியை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. "எங்கை கரண்ட்? எனக்கு ஒண்டும் செய்யேல்லையே! உவைக்கு வேலை செய்யப் பஞ்சி" என்று எங்களைச் சோம்பேறிகளாக்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மறக்க நான் முயன்றதும் இல்லை.

அரியாலையில் கடல்நீரேரிக் கரையோரம் அவருக்கு ஒரு அழகு மீன் கொட்டில் இருந்தது. நான் அங்கே மின்வேலை பார்த்தேன். கடலில் பிடித்த மீன்களைக் கொழும்புக்கு அனுப்பும்வரை உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்திருப்பார்கள். தொட்டிக்கொரு பம்பு நீருக்குள் கிடந்து இராப்பகலாக ஓடும். பம்பு நின்றால் மீன் செத்துவிடும். ஆகவே ட்ரிப் சுவிட்ச் விழும்போதெல்லாம் மனிதர் குதிப்பார். தண்ணீருக்குள் கரண்ட் கசிந்தால் உடனே விழுந்து ஆளைக் காப்பதுதான் அதன் வேலை. அவருக்கோ அது பெரிய தொல்லை. நான் இல்லாத ஒரு நாள் பார்த்து யாரையோ பிடித்து, ட்ரிப் சுவிட்சுக்குப் போகாமல் நேரே ஒரு லைன் இழுப்பித்து, எல்லாப் பம்புகளையும் அதில் கொழுவிவிட்டார்.

தொட்டி கழுவ குருநகரிலிருந்து ஒரு அக்கா வருவார். கை சுள்ளென்று இழுக்கிறது என்று அவர் சொல்லிச் சொல்லி வாய் நொந்தார். ஒரு நாள் தொட்டியடியிலிருந்து தூக்கி எறியப்பட்டுச் சுவரோடு மோதி விழுந்தார். "காலமை சாப்பிடாமல் வந்திருப்பா, மயக்கம்" என்றார் முதலாளி. பயமென்றால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொன்னார். அக்காவின் உழைப்பில்தான் அவருடைய வீட்டில் அடுப்பு எரிந்தது. மறுநாளும் வந்தார். தண்ணீரில் கை வைக்கமுதல் சிலுவை போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

யாரிடமும் கேட்காமல் பம்புகளைக் கழற்றி, ட்ரிப் சுவிட்ச் உள்ள பழைய லைனில் ஒவ்வொன்றாகக் கொழுவினேன். கசியும் கரண்ட் நிலத்துக்கு இறங்கிச் சுவிட்சை விழுத்தட்டும் என்று ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு எர்த் வயரையும் தொங்கவிட்டேன். சுவிட்ச் விழவில்லை. பின்னால் நின்று முதலாளி நக்கலடித்தார். ஆனால் உப்புத் தண்ணீர்ப் பம்பின் கள்ளத்தனமே அதுதான். குளிராக இருக்கையில் நல்ல பிள்ளையாக ஓடும். சூடேறினால்தான் அதன் உறையிலுள்ள மயிரிழை வெடிப்பு விரிந்து தண்ணீர் உள்வயரைத் தொடும். ஒவ்வொன்றையும் சூடேறும்வரை ஓடவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தேன். கோமாளி மீன் தொட்டியின் பம்பு சூடானதும் சுவிட்ச் டப்பென்று விழுந்தது.

"சுவிட்சுதான் பழுது" என்றார் முதலாளி. அந்தத் தொட்டியின் எர்த் வயரை இழுத்தெறிந்தார். பம்பைத் திரும்பவும் தன்னுடைய நேர் லைனில் கொழுவினார். பிறகுதான் அந்தக் கைத்துழாவல்.

நான் அவருடைய காலைப் பார்த்தேன். சுவிட்ச் பலகைக்கு மேலே அவர் லட்சுமி படம் மாட்டியிருந்ததால், நாங்கள் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நிற்கவேண்டும். வேதக்காரியான அக்காவும் அதை ஒரு நாளும் மீறியதில்லை. முதலாளிக்கு மட்டும் கரண்ட் ஏறாத தடித்த றப்பர் செருப்பு. கேட்டால் அது உள்ளுக்குப் போடுகிறது, தெருவில் படாதது என்பார்.

"ஐயா, செருப்பைக் கழட்டிப்போட்டு ஒருக்கால் வையுங்கோ" என்றேன்.

சிரிப்பு நின்றது. குதிக்கால் செருப்பைவிட்டு அரைவாசி எழும்பியது. பிறகு பழையபடி உள்ளே போய்விட்டது. கையை மெல்ல வெளியே எடுத்து உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். "நான் ஏன் கழட்டவேணும்? இது என்ரை கொட்டில்" என்றார்.

அக்கா வாளியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவேயில்லை.

"அப்ப ஐயா, உங்களுக்கு முந்தியே தெரியும், என்ன?"

அவர் மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வெளியே போனார். நான் அந்தப் பம்பின் வயரை வெட்டிப்போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

இப்போது கோயில் வீதியில் கண்டால் முதலாளி, "என்ன தம்பி, கதைக்கிறேல்லையே?" என்று கிட்ட வருகிறார். அவருக்கு வயது போய்விட்டது, மறந்துவிடு என்கிறார்கள் எங்கள் வீட்டில். நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அவர் கதைக்கவேண்டியது என்னோடு அல்ல. அக்கா குருநகரில் அதே வீட்டில்தான் இருக்கிறார். மனிதர் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகவில்லை.