பனஞ்சட்டத்தில் ஒரு வேலி

தூத்துக்குடியில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் ஆலையில் நான் மேனேஜராக இருந்தபோது, அங்கே சோதனைக்கு வந்துகொண்டிருந்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அவர். ஒல்லியான ஆள், அம்மைத் தழும்பு முகம். இயந்திரத்தை நெருங்குமுன் கழுத்து டையைச் சட்டைக்குள் செருகிக்கொள்வார். எங்கள் ஆலையில் ஒரு சோடாகூட வாங்கிக் குடித்ததில்லை.

ஓடும் பெரிய பெல்ட்டைச் சுற்றித் தடுப்பு வேலி இல்லை என்று இரண்டு முறை நோட்டீஸ் கொடுத்தார். யுத்த காலம். இரும்புக்குப் பெர்மிட் கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஆலையை நிறுத்த முதலாளி சம்மதிக்கவில்லை. வழக்கு வந்தால் கோர்ட்டில் நிற்க வேண்டியவன் நான்.

"இரும்பு கிடைக்கலன்னா நான் என்ன சார் செய்ய?" என்று கேட்டேன்.

"சட்டத்துல வேலின்னுதான் இருக்கு. இரும்புன்னு யாரு சொன்னா? பனஞ்சட்டத்துல அடிங்க."

"அதை எழுதிக் குடுத்துருங்க சார்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எழுத மாட்டேன். அடிக்கச் சொல்லுதேன்."

அடித்தோம். மறு மாதமே, பஞ்சு அள்ளிக்கொண்டிருந்த வேம்பார்ப் பெண் ஒருத்தி கால் வழுக்கி அந்த வேலிமேல் சாய்ந்தாள். தோளில் சிராய்ப்போடு எழுந்துவிட்டாள்.

அதற்குள் அவர் மாற்றலாகிப் போயிருந்தார். அடுத்து வந்தவர் மரவேலி செல்லாது என்று என்மேல் வழக்குப் போட்டார். முன்பிருந்தவர் சொல்லித்தான் அடித்தேன் என்று கோர்ட்டில் சொன்னேன். கடிதம் எங்கே என்று கேட்டார்கள். அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தபோது அந்தப் பழைய இன்ஸ்பெக்டர்மேல் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மேலதிகாரிகளுக்குப் பயந்தாரா, தன்னைக் காத்துக்கொண்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் எழுதித் தந்தால்தான் அடிப்பேன் என்று நான் அன்றைக்குப் பிடிவாதம் பிடித்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று நினைக்கும்போது, அவரைத் திட்ட வாய் வருவதில்லை.