குருசாமி நிலத்தில் நட்ட கல்

மண்ணரையில் ஒரு சாயப்பட்டறை. அங்கே பாய்லருக்கு விறகு தள்ளுகிறவர் குருசாமி. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். லாரியில் வந்திறங்கும் சீமைக்கருவேல விறகும் அந்தப் பக்கத்ததுதான்.

"ஏப்பா குருசாமி, உன்ற கரிக் கம்பெனி எப்ப வருது? எனக்கொரு வாட்ச்மேன் வேல போட்டுக் குடு" என்று சீண்டுவார் சூப்பர்வைசர் ரத்தினசாமி.

"வாராமயா போயிருவாக? சல்யூட் அடிக்கப் பழகிக்கங்க."

நிலவியல் படித்துவிட்டு அதே பட்டறை லேப்பில் தண்ணீர் சோதிக்கிறேன் நான். ஒரு நாள் டீ குடிக்கும்போது அது என்ன கம்பெனி என்று கேட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நிலக்கரி தேடி வந்தவர்கள் அவர் நிலத்தில் துளை போட்டார்களாம். ஆழத்திலிருந்து கறுப்பாக ஒரு துண்டு வந்ததும் ஊரே கைதட்டியதாம். போகும்போது துளையை அடைத்து, எண் எழுதிய சிமெண்ட் கல்லை நட்டுவிட்டுப் போனார்கள்.

"கல்லு நட்டா நெலம் சர்க்காருதுதானே தம்பி? உழுதா கேசாகும், கம்பெனி வந்தா மகனுக்குக் கெடைக்கிற வேலயும் போகும்னு ஊர்ல சொன்னாக. அன்னைக்கு நிறுத்துன உழவுதான்."

மிளகாய் விளைந்த மண்ணில் கருவேலம் ஏறியது. இப்போது அதை வெட்டிக் கரிமூட்டம் போடும் வியாபாரி ஒருவன், சர்க்கார் எடுப்பதற்குள் வந்த விலைக்கு எழுதிக்கொடு என்கிறானாம். வெள்ளிக்கிழமை கையெழுத்து.

"நிலம் எடுக்கறதா நோட்டீசு வந்துச்சுங்களாண்ணா?"

"இல்லியே."

"தீர்வை யாருங்க கட்டறது?"

"நாந்தான். வருசா வருசம்."

"அப்பறம் எப்படிங்க சர்க்காருதாகும்? அது துளை போட்ட எடத்துக்கு அடையாளக் கல்லுங்க, அவ்வளவுதான். அங்கத்த கரி பல நூறடிக்குக் கீழ, தண்ணி ஊறுற மணலுக்கும் அடியில கெடக்குது. இப்போதைக்கு யாரும் தோண்ட மாட்டாங்க."

குருசாமியின் முகம் கறுத்தது. "இது துளை போட்டவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? மசுரு மாதிரி நெனச்சிட்டானுகளா?"

என் பாடப்புத்தகத்திலும் அந்த அடுக்குகள் எல்லாம் இருந்தன: மணல், களிமண், பழுப்பு நிலக்கரி. மேலே நின்று உழுகிறவன் எந்தப் படத்திலும் இல்லை. அவனிடம் முடிவைச் சொல்ல வேண்டும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. துளை போடும் வேலை எனக்குக் கிடைத்திருந்தால், நானும் கல்லை நட்டுவிட்டு ஜீப் ஏறியிருப்பேனோ?

வியாழக்கிழமையே குருசாமி ஊருக்குக் கிளம்பினார். கையெழுத்துப் போடப்போவதில்லை, வேரோடு கருவேலத்தைத் தோண்டப்போகிறார்.

"கல்லைப் பிடுங்கிறாதீங்கண்ணா, கேசாயிரும். சுத்தி உழுதுக்குங்க."

"பிடுங்க மாட்டேன்" என்றார். "என்னைக்காச்சும் அதத் தேடிக்கிட்டு எவனாவது வருவான்ல? அவன்ட்ட கேக்கணும்."