மதினிக்கு மூச்சுக் கொடுத்த காலை

என் மதினி ரஹீமாவும் நானும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். சகோதரிகளே, அங்கிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவளாவேன்.

ரஹீமா என் கூடப்பிறந்த காக்காவின் மனைவி. என் உம்மா காக்கா வீட்டில்தான் மவுத்தானார்கள். நான் அப்போது மதுரையில் இருந்தேன். கடைசி மூன்று நாள் உம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போயிருக்கிறது. எனக்குத் தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மையத்து வீட்டில், துக்கத்துக்கு வந்திருந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால் மதினியைப் பார்த்துக் கத்தினேன். “ஒரே ஒரு போன் போட்டிருந்தா உம்மா மொகத்த உசுரோட பாத்திருப்பேனே. ஒங்கள மன்னிக்கவே மாட்டேன்.” பிறகு என் கணவர் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனதும் நான் ஊருக்கே திரும்பி வந்தேன். ஒரே தெருவில் இருந்தும் ஸலாம்கூடச் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் உதவிக் குழு ஒன்று இருக்கிறது. புயல் வெள்ளம் என்றால் முகாம்களில் வேலை செய்வோம். ஆம்புலன்ஸ் எட்டாத இடத்தில் ஒருவருக்கு ஆபத்து என்றால் என்ன செய்வது என்று கற்றுக்கொள்ள, கடந்த வருடம் மாசி மாதத்தில் ஒன்பது பேர் கிளம்பினோம். முதுகில் பையைச் சுமந்து, வாலிநோக்கத்திலிருந்து கீழக்கரைப் பக்கமாகக் கரையோரம் மூன்று நாள் நடக்க வேண்டும். நடந்துகொண்டே படிக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் ஸ்டெல்லா சிஸ்டர், ஓய்வு பெற்ற நர்ஸ். பெயர்ப் பட்டியலில் மதினியும் இருப்பது தெரிந்தபோது வராமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அவருக்காக நான் ஏன் ஒதுங்க வேண்டும் என்ற வீம்பில் போனேன்.

முதல் நாள் பனைமட்டையையும் துப்பட்டாவையும் வைத்து முறிந்த காலுக்குக் கட்டுப் போடப் படித்தோம். இரண்டாம் நாள் பாம்புக்கடி. “கட்டாதீங்க, கீறாதீங்க, வாய வச்சு உறிஞ்சாதீங்க. அசையாமப் படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நீங்க செய்யிறது அவ்வளவுதான்” என்றார் சிஸ்டர். அன்று சாயங்காலம், மூச்சு நின்றவருக்கு முகத்தில் மாஸ்க் வைத்து ஊதும் பயிற்சி. என்னையும் மதினியையும் ஜோடியாக நிறுத்தினார். நான் பேசாமல் நகர்ந்து வேறொருத்தியிடம் போய் உட்கார்ந்தேன். மதினி தலையைக் குனிந்துகொண்டார்.

இரவு உடைமரங்களுக்கு அடியில் தார்ப்பாய் விரித்து வரிசையாகப் படுத்தோம். விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்தேன். பாட்டில் தண்ணீரில் கை கால் முகம் கழுவி ஒளு எடுத்தேன். எல்லாரும் எழுந்துவிட்டார்கள், மதினி மட்டும் எழவில்லை. “வயித்த வலிக்கிது... தொண்டையில என்னமோ அடைக்கிது” என்று முனகினார். நான்தான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் கண் பாதிதான் திறந்திருந்தது. நடந்த அலுப்பு, சொகுசு என்று நினைத்தேன். அந்த அரை மணி நேரத்தில் நான் தொழுதேன், துஆக் கேட்டேன், தேயிலைத் தண்ணி குடித்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சிஸ்டர்தான் பார்த்தார். மதினியின் இமையைத் தூக்கிவிட்டார். விட்டதும் அது விழுந்தது. தலையைத் தூக்கச் சொன்னார். மதினியால் முடியவில்லை.

“எப்பருந்து இப்படி இருக்காங்க?”

“தொழுகைக்கு முன்னாடியே” என்றேன். சிஸ்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

கட்டுவிரியனாக இருக்கும் என்றார். தரையில் தூங்குகிறவரை வந்து கடித்துவிட்டுப் போகும், வலிகூடத் தெரியாதாம். மதினியின் கை கால் முழுக்கத் தேடினோம். கடித்த தடமே இல்லை. கட்டுப் போடத் துப்பட்டாவை எடுத்தேன். கூடாது என்று நேற்றுதான் படித்தேன். போடலாம் என்றாலும் எங்கே போடுவது? செல்போனில் டவர் இல்லை. இரண்டு பேர் நாங்கள் கடந்துவந்த மீனவர் குடியிருப்பை நோக்கி ஓடினார்கள். இரண்டு கிலோமீட்டர், அதுவும் மணலில்.

காத்திருந்தோம். அதைவிடக் கொடுமை எதுவுமில்லை. மதினியின் பேச்சு குழறியது. வாயோரம் எச்சில் வழிந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்தது. பிறகு நெஞ்சு ஏறவேயில்லை.

சிஸ்டர் மாஸ்க்கை எடுத்து ஊத ஆரம்பித்தார். வயதானவர். கொஞ்ச நேரத்தில் அவருக்கே இரைத்தது. “யாராச்சும் வாங்க” என்றார். நான் மண்டியிட்டேன். முதல் தடவை ஊதினேன், காற்றுப் போகவில்லை. இரண்டாவது தடவையும் போகவில்லை. நேற்று நான் இவர் முகத்தில் பழகியிருக்க வேண்டும். சிஸ்டர் என் கையைப் பிடித்து மதினியின் தாடையை மேலே தூக்க வைத்தார்.

“இப்ப ஊதுங்க... ஏறுது பாருங்க, ஏறுது. நிறுத்திராதீங்க.”

ஊதினேன். ஐந்து எண்ணினேன். ஊதினேன். என் தலை சுற்றியது.

சிஸ்டர் மறுபடி மாஸ்க்கை வாங்கிக்கொண்டபோது என்னிடம் சொன்னார். “அவங்களுக்குக் காது கேக்கும். ஒடம்புதான் அசையாது, உள்ள முழிச்சுத்தான் இருப்பாங்க. பேசுங்க.”

இரண்டு வருடமாகப் பேசாதவள் என்ன பேசுவேன்? அவர் காதருகே குனிந்தேன். அழுகைதான் வந்தது. “மதினி, நான் பாத்தேன். ஒங்களுக்கு முடியலன்னு பாத்துட்டும் வாயத் தொறக்கல. என்னை மன்னிச்சிருங்க மதினி.” பிறகு மணலில் நெற்றியை வைத்துவிட்டேன். யா அல்லாஹ், நான் படித்தது இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. என்னால் ஒன்றும் ஆகாது. என் பிழைக்கு இவரை எடுத்துவிடாதே. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அழகான வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. எழுந்து மறுபடி ஊதினேன்.

எத்தனை முறை மாறி மாறி ஊதினோம் என்று தெரியாது. வெயில் ஏறிவிட்டது. தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. மீன் ஏற்றுகிற குட்டியானை வேன். ஓடிப்போன இருவரும் அதில் நின்றுகொண்டு வந்தார்கள். டிரைவர் ஓர் அண்ணன். இறங்கியதும் மீன் பெட்டிகளை ஐஸோடு மணலில் தள்ளிவிட்டார்.

“தெனம் இருட்டோடவே சந்தைக்குப் போயிருவேன் தாயி. இன்னிக்கு டயரு பஞ்சரு, இப்பத்தான் மாத்தி முடிச்சேன். விடிஞ்சதுலேருந்து அத வஞ்சுக்கிட்டே இருந்தேன்” என்றார்.

எங்கள் ஆட்கள் ஓடிப்போய் நின்றபோது அந்தக் குடியிருப்பில் இருந்த ஒரே வண்டி அதுதானாம்.

வண்டியின் பின்னால் மீன் வாடையிலும் ஈரத்திலும் முட்டி போட்டு ஊதிக்கொண்டே போனோம். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மாஸ்க் இடித்து என் உதடு கிழிந்தது. ரோட்டுக்கு ஏறியதும் டவர் வந்தது. சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். வாசலிலேயே ஆட்கள் நின்றார்கள். மதினியை உள்ளே கொண்டுபோய் மூச்சுக் குழாய் போட்டார்கள், விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். “நெஞ்சுத் துடிப்பு இருக்கு. வழியில ஊதாம விட்டிருந்தீங்கன்னா இங்க கொண்டு வந்தும் பலன் இருந்திருக்காது. இனிமே நாங்க பாக்குறோம். நீங்க துஆச் செய்ங்க.”

ஐந்து நாள் மெஷின்தான் மதினிக்கு மூச்சு விட்டது. அந்த ஐந்து நாளும் எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஊதவாவது வழி இருந்த அந்தக் கடற்கரையே மேல் என்று தோன்றியது. வராந்தாவில் காக்காவிடம் உண்மையைச் சொன்னேன். “அரை மணி நேரம் சொல்லாம இருந்துட்டேன் காக்கா.” காக்கா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். “தொழுதுட்டு வா” என்றார்.

ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். நான் வாசலில் நின்றேன், உள்ளே போகப் பயம். மதினிதான் கையை அசைத்துக் கூப்பிட்டார். குரல் கரகரவென்று வந்தது.

“ஒன் வாயி பூரா பூண்டு ஊறுகா வாடை சபீனா. தாங்கல.”

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ சொன்னது எல்லாம் கேட்டுச்சு. பதில் சொல்லத்தான் முடியல.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பேசினார். “உம்மா வெசயத்துல... நாளைக்கு எந்திரிச்சிருவாக, நாளைக்கு எந்திரிச்சிருவாகன்னே நெனச்சேன். போன எடுக்கப் பயமா இருந்துச்சு.”

அந்த மையத்து வீட்டில் நான் அவரைப் பார்த்துக் கத்தியதற்கு முன்னால் இதை ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பார்த்தும் சொல்லாமல் இருப்பது எப்படி நடக்கும் என்று இப்போது எனக்கே தெரியும். அவரிடமாவது பயம் இருந்தது. என்னிடம் இருந்தது வன்மம்.

மதினி இப்போது நன்றாக இருக்கிறார். இமை மட்டும் சாயங்காலமானால் கனக்கிறது என்பார். குழு எந்த ஊருக்குப் பயிற்சிக்குப் போனாலும் நாங்கள் இருவரும் போகிறோம். அந்த அரை மணி நேரத்துக்காக ஒவ்வொரு ஃபஜ்ரிலும் பாவமன்னிப்புக் கேட்கிறேன். அல்ஹம்துலில்லாஹ், கேட்பதற்கு எனக்கு அவன் நாளைத் தந்துகொண்டிருக்கிறான்.

சகோதரிகளே, உங்களில் யாராவது இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். படித்த படிப்பு தீர்ந்து, தெரிந்தவர்கள் எல்லாரும் கைவிரித்திருக்கலாம். அவனிடம் கேளுங்கள். உங்கள் மனம் சுத்தமில்லையே என்று தயங்காதீர்கள். அன்று அந்த மணலில் என்னைவிடக் குற்றமுள்ளவள் யாரும் இருக்கவில்லை. நான் கேட்டேன். அவன் கொடுத்தான்.