விசேஷத்துக்குப் போட்ட மாத்திரை

முதலில் இடது கெண்டைக்கால் வலித்தது. கூடைப்பந்து ஆடுகிறவளுக்குக் கால் வலிப்பது ஒரு செய்தியே இல்லை. ஐஸ் வைத்தேன். தசைப்பிடிப்பு என்றார் அணியின் பிசியோ. மறுநாள் அந்தக் கால் மட்டும் வீங்கியது. தொட்டால் சுட்டது. அப்போதும் பயிற்சிக்குப் போனேன். மைதானத்தின் குறுக்கே ஒருமுறை ஓடியதும் மூச்சு வாங்கியது. விலா எலும்புக்குள் யாரோ கத்தியைத் திருப்புவது போல இருந்தது.

அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்தார்கள். ஆழ்சிரை இரத்த உறைவு (காலின் உட்புறப் பெரிய சிரையில் இரத்தம் கட்டிக்கொள்வது). அதில் ஒரு துண்டு உடைந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. இன்னும் இரண்டு நாள் வீறாப்பாக ஓடியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கால் மட்டும் காரணமில்லாமல் வீங்கினால் எண்ணெய் தேய்க்காதீர்கள், நீவிவிடாதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள்.

நான் யார் என்றும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு வரை கரூர். அதன்பின் நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ. வாரக் கடைசியில் அம்மா நடத்திய தமிழ் வகுப்பில் உதைபட்டுத்தான் இந்தத் தமிழ் எனக்கு மிஞ்சியது. ஆறடி இரண்டங்குலம். "இவ்வளவு உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்க போறது?" என்று கேட்ட ஆன்ட்டிகளே, எனக்குக் கல்லூரி ஸ்காலர்ஷிப் கிடைத்ததும் தங்கள் பெண்களைக் கோச்சிங்கில் சேர்த்தார்கள். கல்லூரிக்குப் பிறகு ஐரோப்பாவில் ஆடினேன். பே ஏரியாவில் ஒரு தொழில்முறை அணி எடுத்தது. நெடுநாள் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, முதல் ஐந்து பேரில் ஒருத்தியாக ஆகியிருந்தேன். அப்போதுதான் இந்தக் கால்.

இரத்தவியல் மருத்துவர் வயதான அமெரிக்கப் பெண்மணி. சுற்றி வளைக்காதவர். கேள்விகள் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது உறைவு வந்ததா? இல்லை. சமீபத்தில் அறுவை சிகிச்சை? இல்லை. நீண்ட பயணம்? டெக்சாஸ் ஆலனில் அண்ணன் வாங்கிய வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் வந்தேன், அவ்வளவுதான். அந்த விமானப் பயணம் இதற்குப் போதாது என்றார். கருத்தடை மாத்திரை? இல்லை. வேறு மருந்து? விட்டமின் மட்டும்.

"அப்படியென்றால் இது காரணமில்லாமல் வந்த உறைவு. காரணமில்லாமல் வந்தது காரணமில்லாமலே திரும்பவும் வரும்" என்றார்.

அதற்கு ஒரே வழி, உறைவெதிர்ப்பு மாத்திரை (இரத்தம் கட்டாமல் தடுப்பது). அநேகமாக ஆயுள் முழுக்க. அந்த மாத்திரை போடுகிறவர்கள் ஆள்மேல் ஆள் மோதும் விளையாட்டு ஆடக்கூடாது. தலையில் ஒரு அடி பட்டால் உள்ளே இரத்தம் நிற்காது. ஆக, ஆட்டம் முடிந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன் என்றார். அணி அதுவரை காத்திருக்கவில்லை. மேலாளர் போனில் வருத்தம் தெரிவித்தார். அந்த வாரமே என் இடத்தில் வேறொருத்தியை எடுத்தார்கள். அவளும் நல்ல ஆட்டக்காரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

சன்னிவேலில் என் அபார்ட்மென்ட்டுக்கு அம்மா வந்தார். ரசம் வைத்தார். ஊரிலிருந்து வந்த போன்களை எடுத்தார். "நல்லதுக்குத்தான். இனிமேலாவது கல்யாணத்தைப் பாருங்க" என்று ஒரு சித்தி சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. போனை வாங்கி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. சித்தி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஒரு தொல்லை குறைந்தது.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து பல் தேய்த்தால் ஈறு கசியும். மாதவிடாய் வந்தால் நிற்காது. இதை யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன்: படுக்கையில் பழைய துண்டு விரித்துத்தான் தூங்கினேன். அப்படி ஒரு நாளில், சோபாவில் சுருண்டு கிடந்தபோது அம்மா வந்து நின்றார்.

"அடுத்த மாசம் அண்ணிக்கு வளைகாப்பு. உனக்கு டேட் எப்போ வரும் கண்ணு?"

"எனக்கு ப்ளீடிங்கே நிக்கல. நீ அடுத்த டேட் கேக்கறியா?"

"அதுக்குத்தான் சொல்றேன். போன தடவ குடுத்தேன்ல, அதுல இன்னும் ஒரு ஸ்ட்ரிப் பேக்ல இருக்கு. போட்டுக்கோ. இதுவும் நிக்கும், அதுவும் தள்ளிப்போகும்."

"என்ன போன தடவ?"

"கிரகப்பிரவேசத்துக்குப் போட்டியே."

எழுந்து உட்கார்ந்தேன். போட்டேன்தான். ஒரு நாளைக்கு மூன்று வீதம், பத்து நாள். சென்னையில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தருவார்கள். கல்யாணம், கோயில், புதுமனை என்றால் மாதவிடாயைத் தள்ளிப்போட எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் போடுவார்கள். அதை யாரும் மருந்துக் கணக்கில் வைப்பதில்லை. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, மாத்திரை.

ஸ்ட்ரிப்பின் பின்னால் இருந்த பெயரைப் போனில் தட்டினேன். ஹார்மோன். அதிக அளவில் போட்டால் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் என்றிருந்தது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

மறுநாளே அம்மாவையும் ஸ்ட்ரிப்பையும் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஸ்ட்ரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கேட்டேனே!"

"கருத்தடை மாத்திரை போடுகிறாயா என்று கேட்டீர்கள். இது அது இல்லையே" என்றேன்.

அம்மா இடையில் புகுந்தார். "இட் இஸ் நாட் மெடிசின் டாக்டர். ஃபார் ஃபங்ஷன் ஒன்லி."

"என்ன ஃபங்ஷன்?"

அம்மா தன் ஆங்கிலத்தில் பூஜை, ஹோமம், தீட்டு எல்லாவற்றையும் விளக்கினார். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் கடவுளுக்கு இதில் என்ன கஷ்டம்?" என்றார்.

"காட் ஈஸ் ஓகே டாக்டர். ரிலேடிவ்ஸ் ஆர் த ப்ராப்ளம்."

மருத்துவர் சிரித்தே விட்டார். நானும் சிரித்தேன். விலா இன்னும் வலித்தது.

பிறகு அவர் சொன்னது: இந்த மாத்திரைதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் காரணமில்லாத உறைவு என்ற முடிவு இனி நிற்காது. ஹார்மோனால் வந்த உறைவு, அந்த ஹார்மோனை மறுபடி தொடாவிட்டால் திரும்பி வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆறு மாதம் முடியட்டும். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் உறைவெதிர்ப்பு மாத்திரையை நிறுத்தலாம். "பிறகு நீ யார்மேல் வேண்டுமானாலும் மோதிக்கொள்" என்றார்.

இதைப் படிக்கிற மருத்துவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பெண்களிடம் கருத்தடை மாத்திரை என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். தேதியைத் தள்ளிப்போட ஏதாவது போட்டாயா என்று கேளுங்கள்.

வளைகாப்புக்குப் போனேன். மாதவிடாயோடுதான் போனேன். வாசலிலேயே ஒரு ஆன்ட்டி காதருகே வந்து, "டேட் இல்லயே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"டேட்டுதாங்க. அவதான் முதல் வளையல் போடப்போறா. உள்ள வாங்க, சாப்பிடலாம்."

அந்த ஆன்ட்டி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். வானம் இடிந்து விழவில்லை. அண்ணிக்கு வளையல் அழகாக இருந்தது.

ஆறு மாதத்துக்குப் பின் ஸ்கேன் சுத்தமாக வந்தது. மாத்திரையை நிறுத்தினேன். அதுவரை தனியாகப் பந்து எறிந்தும் எடை தூக்கியும் காலைத் தேற்றியிருந்தேன். நுரையீரல்தான் படுத்தியது. படியேறினால் நாய் போல இரைக்கும். அழுதுகொண்டே ஏறினேன். டெக்சாஸில் ஒரு அணி தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டது. முகாமில் என்னைவிட இளையவள் ஒருத்தி தோளால் என்னை இடித்துக் கீழே தள்ளினாள். தரையில் கிடந்து சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். யாராவது என்னை இடித்து அவ்வளவு காலமாகியிருந்தது. அணியில் இடம் கிடைத்தது.

முதல் ஆட்டம். கடைசிக் கால் பகுதி, இரு அணியும் சமம். ரீபவுண்டுக்கு (கூடையில் பட்டுத் திரும்பும் பந்துக்கு) எழும்பியபோது எதிரணிக்காரியின் முழங்கை உதட்டில் பட்டது. வாயெல்லாம் இரத்தம். இரத்தம் வடிந்தால் ஆடக்கூடாது, நிற்கும்வரை வெளியே உட்கார வேண்டும், அதுதான் விதி. பிசியோ பஞ்சை வைத்து அழுத்தினார். அரங்கமே ஆட்டத்தைப் பார்த்தது. நான் என் உதட்டைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சை எடுத்தார். பார்த்தார். "நின்றுவிட்டது. போ" என்றார்.

இரத்தம் கட்டியிருந்தது. என்னைக் கொல்லப் பார்த்த அதே வேலையை என் இரத்தம் இந்த முறை சரியான இடத்தில் செய்திருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தேன். சொரசொரப்பாக, சின்னதாக ஒரு கட்டு. உள்ளே போனேன். ஜெயித்தோம்.

முன்பெல்லாம் என் உடம்பை எனக்கு வேலை செய்யும் ஆள் போல விரட்டினேன். முப்பத்திரண்டு வயதுவரை ஓடு, பிறகு எக்கேடும் கெடு என்று. இப்போது அது சொல்வதை உட்கார்ந்து கேட்கிறேன். எத்தனை சீசன் மிச்சம் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். அடுத்த ஆட்டம் வெள்ளிக்கிழமை. அது தெரியும்.