வெறும் வயிற்றில் வரவும்

எங்கள் இலவச மருத்துவமனையில் மருத்துவம் தெரியாத தொண்டர் நான் ஒருவன்தான். டோக்கன் கொடுப்பேன், நாற்காலி போடுவேன், காத்திருப்பவர்களுக்கு ஜோக் சொல்வேன். என் ஜோக்கைக் கேட்டு யாருக்கும் பிபி குறைந்ததாக இதுவரை தகவல் இல்லை.

செங்கம் சாலைப் பக்கம் ஒரு சந்தில், மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தில் ஞாயிறுதோறும் காலையில் நடக்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களும், அட்டை இருந்து அதில் பெயர் தப்பாக விழுந்தவர்களும் வருவார்கள். ஓய்வுபெற்ற டாக்டரம்மா ஒருவர் வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். ரத்தம் எடுக்க ஒரு சிஸ்டர். யாருக்கும் சம்பளம் கிடையாது. என் விஷயத்தில் அது நியாயம்தான்.

அந்த ஞாயிறு சர்க்கரைப் பரிசோதனை. "காலையில வெறும் வயித்துல வாங்க, காபி கூட வேணாம்" என்று சனிக்கிழமையே எல்லோருக்கும் போன் செய்தவன் நான். தையல்கார பாயிடம் மட்டும் இரண்டு முறை சொன்னேன். அவருக்குக் கண்ணில் புரை. ஊசியில் நூல் கோக்கவே மனைவியைக் கூப்பிட வேண்டிய நிலை. கண் ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்வார்கள், ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு திங்கள் காலை பத்து மணிக்குள் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் தீபாவளித் தையல் மொத்தமும் கைவிட்டுப் போகும்.

அன்று எனக்கு ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள். திருவண்ணாமலையில் நாலு பேர் வரிசையாக நின்றால், ஐந்தாவது ஆள் வாளியும் கரண்டியுமாக வந்துவிடுவான். நானும் இந்த ஊர்க்காரன்தானே. ஓட்டலில் சொல்லிவைத்திருந்த சர்க்கரைப் பொங்கல் ஏழரைக்கு வந்தது. சுடச்சுட, தொன்னை தொன்னையாக, வாசலில் நின்ற ஒருவர் விடாமல் கொடுத்தேன். என் கண்ணிலேயே லேசாக நீர் கோத்தது. அப்போது டாக்டரம்மா வந்தார்.

"என்னங்க இது?"

"பொங்கல், டாக்டர். உங்களுக்கும் எடுத்து வெச்சிருக்கேன்."

அவர் வரிசையைப் பார்த்தார். "உங்கள வெறும் வயித்துல வரச் சொன்னது யாரு?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

"பொங்கல் குடுத்தது?"

நீட்டிய விரலை யாரும் மடக்கவில்லை.

நான் பாயைத் தேடினேன். காலித் தொன்னையோடு நின்றிருந்தார். "என்ன பாய், நீங்களுமா? ரெண்டு தடவ சொன்னேனே."

"சொன்னீங்க சார். குடுத்ததும் நீங்கதானே. பொறந்தநாள்னு வேற சொல்றீங்க. ஆசையா நீட்டுற கையப் பாத்து வேணாம்னு எப்படி சொல்றது?"

"நல்லாதான் இருந்துச்சு," என்றார் பின்னால் நின்ற பூக்காரம்மா. "நெய்யிதான் கொஞ்சம் கம்மி."

மற்றவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிடலாம். பாய்க்கு அடுத்த வாரம் கிடையாது. சிஸ்டர்தான் வழி சொன்னார். "நாளைக்கி டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஆறு மணிக்கு இங்க வரேன். பாயக் கூட்டிட்டு வந்துடுங்க."

"இவருக்கும் சேத்து எடுத்துடும்மா," என்றார் டாக்டரம்மா. "ரொம்ப நாளா டிமிக்கி குடுக்கறாரு. இவரு உடம்புக்கு சர்க்கரை இல்லாம இருக்காது. என்னங்க, நீங்களும் வெறும் வயித்துல வரணும். புரியுதா?"

சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

திங்கள் காலை ஐந்தரைக்கெல்லாம் பாய் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினேன். அவர் சலவைச் சட்டையும் தொப்பியுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"எதனா சாப்ட்டீங்களா பாய்?"

"தண்ணி மட்டும்தான் சார். வாய ஊதிக் காட்டவா?"

கிளம்பப் போன நேரத்தில் அவர் மனைவி கண்ணாடி டம்ளரோடு வந்தார். "மொத தடவையா வூட்டுக்கு வந்திருக்கீங்கண்ணே. நேத்து உங்க பொறந்தநாளாமே. சர்க்கரை ஜாஸ்தியாவே போட்டிருக்கேன்."

ஏலக்காய் வாசனையோடு ஆவி பறந்தது. டம்ளர் என் முகத்துக்கு நேரே நின்றது. பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்னு சொல்லுங்க சார். எப்படி சொல்றதுன்னு நானும் கத்துக்கறேன்."

குடித்தேன். பிரமாதமான டீ.

ஆறு மணிக்கு சிஸ்டர் பாயின் விரலில் குத்தினார். அளவு ஆபரேஷனுக்குத் தடையில்லாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனில் அனுப்பி, பெயர் பதிவாகிவிட்டது என்று பதில் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சிஸ்டர் புது ஊசியைப் பிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சாருக்கு வேணாம்மா," என்றார் பாய். "எங்க வூட்ல டீ சாப்ட்டுட்டாரு."