ஒட்டன்சத்திரம் சுற்றி வந்த சனிக்கிழமை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. உலையில் அரிசி வேகும் வரைக்கும்கூட அடுப்படியில் நிற்க மாட்டேன். நடுவில் நாலு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். யாரும் வரப்போவதில்லை, ஆனாலும் போவேன். அப்படிப்பட்டவளுக்கு வாத்தியார் வேலை கிடைத்த இடம் வேடசந்தூரைத் தாண்டி, குடகனாற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமம். வீடு திண்டுக்கல்லில், பேகம்பூரில். நடுவில் பதினைந்து மைலும் ஓர் ஆறும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கம் பஸ்ஸைக் கார் என்றுதான் சொல்வோம். காலை ஏழு மணிக் காரை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு. எந்தக் கார் எந்த ஊரில் எத்தனை நிமிஷம் நிற்கும், எந்த டிரைவர் டீக்கடையைக் கண்டால் கீழே இறங்கிவிடுவார், எந்த வண்டிக்கு ஏற்றத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். பழனி ரயில், திருச்சி ரயில், கரூர் ரோட்டுக் கார்கள், எல்லாவற்றின் நேரமும் தெரியும். எரியோட்டுக்குப் போகிறவர்கள்கூட டைம் கீப்பரை விட்டுவிட்டு என்னிடம் வந்து கேட்பார்கள். இதில் பெருமை வேறு எனக்கு.

பெருமையெல்லாம் மகள் பிறக்கும் வரைக்கும்தான். பிரசவ லீவு முடிந்து நான் மறுபடி காரேறியபோது அவளுக்கு மூன்று மாதம். வீட்டுக்காரருக்கு மதுரையில் மில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அக்கா. அவர் முஸ்லிம், அவருக்கும் எட்டு மாதத்தில் ஒரு மகன் இருந்தான். காலையில் நான் பால் கொடுத்துவிட்டுப் போவேன். பிறகு நான் திரும்பி வரும் வரைக்கும் பசும்பாலைச் சங்கில் புகட்டுவார். மத்தியானத்துக்கு மேல் எனக்கு மார் கட்டிக்கொண்டு வலிக்கும். கரும்பலகையில் எழுதிக்கொண்டே மணியைப் பார்ப்பேன். கடைசி மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் ஓடுகிற டீச்சர் நான் ஒருத்திதான்.

ஆற்றின் குறுக்கே இருந்தது தரைப்பாலம். வருஷத்தில் பத்து மாதம் அதன் மேல் தூசிதான் பறக்கும். ஐப்பசியில் மலைப்பக்கம் மழை பிடித்தால், இங்கே ஒரு சொட்டு விழாமலேயே தண்ணீர் வந்துவிடும். அதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இக்கரையில் ஒரு கார், அக்கரையில் ஒரு கார் நிற்கும். பாலத்து ஓரத்தில் வெள்ளையடித்த கல் ஒன்று உண்டு. கல்லின் தலை தெரிந்தால் கண்டக்டர்கள் இருவரும் தண்ணீரில் இறங்கிக் கயிறு பிடிப்பார்கள். இந்தப் பக்கத்து ஜனம் அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கத்து ஜனம் இங்கே வரும். ஆள் மாறிக் கார் ஏறினால் அதே டிக்கெட் செல்லும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இரண்டு தடவை அப்படிக் கடந்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். மகளுக்கு ஐந்து மாதம். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று பாலையும் குறைவாகத்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். பன்னிரண்டரைக்குக் கார் ஆற்றங்கரைக்கு வந்து நின்றது. ஆறு செக்கச்செவேலென்று போய்க்கொண்டிருந்தது. கல்லைக் காணோம்.

“செத்த நேரம் இருங்க டீச்சர். மேக்க மழை விட்டுருச்சாம். தண்ணி வடிஞ்சிரும்,” என்றார் கண்டக்டர்.

“எம்புட்டு நேரம்?”

“அத ஆத்துக்கிட்டதான் கேக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கரையில் திண்டுக்கல் போகிற எங்கள் கார் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதன் நிழலில் டிரைவர் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். கூப்பிட்டால் கேட்கிற தூரம். இங்கே தக்காளிக் கூடைக்காரர்கள் கூடையை இறக்கிவிட்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் ஆயக்குடிக் கொய்யாவை அறுத்து எல்லோருக்கும் கொடுத்தார். நான் வாங்கவில்லை. கரைக்கும் காருக்குமாக நடந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு மணிக்கு மேற்கே ஒட்டன்சத்திரம் போகிற கார் ஒன்று வந்தது. என் மூளை உடனே கணக்குப் போட்டது. ஒட்டன்சத்திரம் போய்விட்டால் மூன்று மணிக்குப் பழனியிலிருந்து வரும் ரயில். ரயிலுக்கு நல்ல உயரமான பாலம். எந்த ஆறும் அதை ஒன்றும் செய்யாது. நாலரைக்குள் வீடு.

கூட வேலை பார்த்த பெரிய டீச்சர் என் கையைப் பிடித்தார். அவருக்கும் வீடு பேகம்பூரில்தான், எங்களுக்கு அடுத்த தெரு. “ஏம்மா, தலையைச் சுத்தி மூக்கைத் தொடப் போறியா? பேசாம உக்காரு. இன்னும் ஒரு மணி நேரத்துல வடிஞ்சிரும்.”

“வடியலைன்னா? நீங்க உக்காந்திருங்க. எனக்கு ஏலாது,” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

கார் நகர்ந்த பிறகுதான் நிம்மதி வந்தது. சக்கரம் உருண்டால் போதும், எந்தத் திசையில் உருண்டாலும் வீட்டுக்குப் போகிறோம் என்றே எனக்குத் தோன்றும். அந்த நிம்மதி ஒட்டன்சத்திரம் ஸ்டேஷன் வரைக்கும் இருந்தது. ரயில் தாமதம். எவ்வளவு தாமதம் என்று ஸ்டேஷனில் யாருக்கும் தெரியவில்லை.

பெஞ்சில் உட்கார முடியவில்லை. பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தேன். வலி கையைத் தூக்க விடவில்லை. ரவிக்கை நனைந்து, முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்தியிருந்தேன். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் வெகுநேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார். “ஏனுங்க, கொழந்தைக்கு எத்தன மாசமுங்க?”

“அஞ்சு.”

“அந்தச் செவுத்துக்குப் பின்னால போயிப் பீச்சி உட்டுட்டு வாங்க. இல்லாட்டிக் காய்ச்சல் வந்துருமுங்க.”

அவர் சொன்னது நியாயம். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளைக்கு உரியதை மண்ணில் விடுவதா என்று நினைத்து மறுபடி நடந்தேன்.

ரயில் வந்தபோது மணி நாலேகால். ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டியை நானே தள்ளுகிற மாதிரி முன்னால் சாய்ந்தபடி வந்தேன். திண்டுக்கல்லை நெருங்குமுன் ரயில் குடகனாற்றுப் பாலத்தில் ஏறியது. எட்டிப் பார்த்தேன். அடியில் ஆறு ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. இரு கரையிலும் ஈர மணல். மேலே எப்போதோ வடிந்துவிட்டது. அப்படியென்றால் கீழே தரைப்பாலத்திலும் வடிந்திருக்கும். கல்லின் தலை தெரிந்திருக்கும், கயிறு பிடித்திருப்பார்கள், பெரிய டீச்சர் இந்நேரம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார். என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து ஜட்கா பிடித்துப் பேகம்பூர் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தெருவில் இறங்கும்போதே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா வீட்டுக்குள் ஓடினேன்.

அழுதது என் மகள் இல்லை. அவர் மகன். அவனைத் தோளில் போட்டுத் தட்டியபடி அக்கா நின்றிருந்தார். என் மகள் பாயில் கைகளை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கடைவாயில் பால் காய்ந்திருந்தது.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “ரெண்டு மணிக்கே சங்குப்பால் தீந்துபோச்சு டீச்சர். சீனித் தண்ணி குடுத்தேன், துப்பிட்டா. மூணு மணிக்குப் பெரிய டீச்சர் வந்து, நீங்க சுத்திப் போயிட்டீங்கன்னு சொன்னாக. அழுது அழுது புள்ளைக்குத் தொண்ட கட்டிப்போச்சு. மனசு கேக்கல. உங்களக் கேக்காம எம்பாலக் குடுத்துட்டேன்.”

நான் பாயில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எங்க மார்க்கத்துல இது சும்மா இல்ல டீச்சர். பால் குடிச்சிட்டா இவ எம்மக. இவனுக்குத் தங்கச்சி. நாளைக்கு யார் என்ன சொன்னாலும் மாறாது. தப்பா நெனைச்சிக்கிராதீங்க.”

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ பொறாமை. மகளைத் தூக்கி மடியில் போட்டு மார்பில் வைத்தேன். தூக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். வயிறு நிறைந்தவளுக்கு நான் எதற்கு? மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, சத்தம் போட்டே அழுதுவிட்டேன்.

பையனும் விடாமல் அழுதுகொண்டிருந்தான்.

“அவன் எதுக்குக்கா இப்படி அழுகுறான்?” என்றேன் கடைசியில்.

அக்கா தயங்கினார். “பசி டீச்சர். இவ ரெண்டு தடவ குடிச்சிட்டா. இனி எனக்கு ஊறணும்ல.”

நான் மகளை அவரிடம் நீட்டினேன். “அவன இங்க குடுங்க.”

அவர் என் நனைந்த சேலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு குழந்தைகளை மாற்றிக்கொண்டோம். பையன் என்னைப் பார்த்து முகம் சுளித்தான், இன்னொரு தடவை வீறிட்டான், பிறகு வாய் வைத்தான். முதல் இழுப்பில் உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டேன். நெஞ்சுக்குள் பாறையாகக் கிடந்தது கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அவன் மூச்சு விடாமல் குடித்தான், புரையேறி இருமினான், மறுபடி அவசர அவசரமாகப் பற்றினான்.

அக்கா எதிரே உட்கார்ந்து, மடியில் என் மகளைத் தட்டிக்கொண்டே அவனைப் பார்த்துச் சொன்னார்.

“மெல்லக் குடிடா. ஒங்கம்மா எங்கயும் ஓடிற மாட்டாக.”