திருப்பிய சரக்கும் புதன்கிழமைச் சோறும்

தேயிலைத் தொழிலில் பறிக்கிறவருக்கு முதுகுவலி, வறுக்கிறவருக்குக் கண்ணெரிச்சல், பெட்டியில் அடைக்கிறவனுக்கு மட்டும் காலை முதல் மாலை வரை ஏச்சு. நான் அந்த மூன்றாவது ஆள். கேமரன் மலையில் ஒரு தோட்டத்தின் பேக்கிங் கொட்டகைக்கு மேற்பார்வையாளன். நீங்களும் எங்கோ டேப் ஒட்டிக்கொண்டு, போன் மணி அடித்தாலே எந்தப் பெட்டி நசுங்கியதோ என்று நினைக்கிற ஆளாக இருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கோமதி மலைக்குக் கீழே, கிள்ளான் பட்டணத்தில் இருக்கிறாள். மகள் அங்கே நர்சிங் படிக்கிறாள். அவளுக்குத் துணையாகப் போனவள், ஓர் ஆஸ்பத்திரி கேண்டீனில் சமையல் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். நான் வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு போய்விடும், அதனால் மேலேயே இருக்கிறேன். எனக்கு ஞாயிறு ஓய்வு, அவளுக்குப் புதன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை, கிழமைதான் ஒத்துப்போகவில்லை. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் பார்த்துக்கொள்வோம்.

அலமாரி இல்லாத கடை

ஒரு பெரிய கிடங்குக் கடை எங்கள் தேயிலையை வாங்க ஒப்புக்கொண்டது. அந்தக் கடையில் அலமாரியே கிடையாது. பேலட் என்கிற மரத்தட்டில் நாங்கள் எப்படி அடுக்கி அனுப்புகிறோமோ, அப்படியே தூக்கிக் கடை நடுவில் வைத்துவிடுவார்கள். சனங்கள் அதிலிருந்தே எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொள்வார்கள். ஆகவே பெட்டிதான் அலமாரி, பெட்டிதான் விளம்பரம். முன்பக்கத்தைப் பிடித்துக் கிழித்தால் கோடு போட்ட மாதிரி நேராகக் கிழிய வேண்டும். பேலட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அளவுகூட நீட்டக் கூடாது. தலைமேல் இன்னொரு பேலட்டை ஏற்றினாலும் அடிப்பெட்டி முனகக் கூடாது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பெயர் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கக் கடையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். எங்கள் மாதிரிப் பெட்டியை மேசைமேல் வைத்து, குனிந்து பார்த்தாள், எட்டி நின்று பார்த்தாள், பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கொட்டகையில் மூத்தவரான மாரியாயி அக்கா கையில் டேப்போடு அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். அவள் கார் கிளம்பிய பிறகுதான் வாயைத் திறந்தார்: “என்னையப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டுச் சுத்திப் பாக்கல லா.”

இளைத்துப் போன பாக்கெட்

எங்கள் லோரி செவ்வாய்க்கிழமை ஷா ஆலமில் உள்ள கிடங்குக்குப் போகும். சரக்கு பிடிக்கவில்லை என்றால், மறுநாள் எங்கள் ஆள் நேரில் வந்து அங்கேயே சரிசெய்து கொடுக்க வேண்டும். அந்த ஆள் நான்தான். முதல் லோரியே மாட்டிக்கொண்டது. கிடங்கில் சரக்கு வாங்கும் பிரகாஷ் போன் போட்டு, பாக்கெட் எல்லாம் வயிறு ஒட்டிக் கிடக்கிறது, தூளைக் குறைத்துப் போட்டீர்களா என்று கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. அதிகாலைப் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால், அவர் சொன்னது சரிதான். மலைமேல் காற்று லேசு. அங்கே உப்பலாக ஒட்டிய பாக்கெட்டைக் கீழே கொண்டுவந்தால் சுருங்கிவிடுகிறது. எடை சரியாக இருந்தது, தோற்றம்தான் பட்டினி கிடந்த மாதிரி. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, சாய்ந்து கிடந்ததையெல்லாம் நிமிர்த்தி, இடையில் அட்டை செருகினேன்.

வேலை முடிந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அப்போதுதான் உறைத்தது, இன்று புதன்கிழமை. கிள்ளான் பக்கத்தில்தான். வீட்டுக் கதவைத் தட்டினேன். கோமதி திறந்து, என்னைப் பார்த்து, உள்ளே போய் அரிசி களைந்தாள். நெத்திலிச் சம்பலும் கங்கோங் கீரையும் செய்தாள். பாக்கெட் கதையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். அவள் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாக்கெட்டு மட்டுமா இளைச்சிருக்கு? இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?”

அட்டைக்குப் பிடித்த சளி

அடுத்த தடவை பனிமூட்டம். லோரியில் ஏற்றும் நேரத்தில் கொட்டகைக் கதவு திறந்திருந்தது, பனி உள்ளே வந்து குடியேறிவிட்டது. நமக்குச் சளி பிடித்தால் தும்முவோம், அட்டைப்பெட்டிக்குப் பிடித்தால் கால் மடங்கிவிடும். கிடங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் அடி வரிசை முழுவதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டது. பிரகாஷ் அனுப்பிய படத்தைப் பார்த்து எங்கள் துரை தலையில் கை வைத்தார். மேனேஜர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் எங்களுக்கு அவர் துரைதான். நானும் கவலையாக முகத்தை வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அன்று சாயங்காலமே நல்ல சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டேன்.

புதன்கிழமை கிடங்கில் உட்கார்ந்து அடி வரிசையைப் புதுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கோமதி சாப்பாட்டுக் கேரியரோடு கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டாள். வெளியாட்கள் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், கேரியர் நடுவில். அதைப் பார்த்துக்கொண்டே வந்த பிரகாஷ் என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்: “மத்த சப்ளையருங்க இங்க வந்தா மூஞ்சி தொங்கிப் போவும்ணே. நீங்க மட்டும்தான் தலை சீவிட்டு வர்றீங்க.”

கோபிஸ் வாசம்

மூன்றாவது தடவை லோரி செய்த வேலை. டிரைவர் முனியாண்டி அதற்கு முந்தின நாள் பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், ஏற்றிக்கொண்டு போயிருந்தான். கழுவினேன் என்று சத்தியம் செய்தான். ஆனால் தேயிலைக்கு மூக்கு நீளம், எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். கிடங்கில் ஒரு பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். நான் வழக்கம்போலத் தேய்த்த சட்டையில் போய் இறங்கினேன். அட்டையை மாற்றலாம், வாசத்தை மாற்ற முடியாதே. எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய், மறுநாள் காலைக்குள் புதுச் சரக்கோடு வரவேண்டும், இல்லையென்றால் ஆர்டர் ரத்து என்றார்கள். சரக்கை எடுக்க மறுபடி வந்த முனியாண்டியின் லோரியிலேயே ஏறி உட்கார்ந்தேன்.

கிள்ளான் போகும் பாதை ஒரு பக்கம் பிரிந்து போனது. நான் கண்ணாடி வழியாக அது மறைகிற வரைக்கும் பார்த்தேன். முனியாண்டி குற்ற உணர்ச்சியில் ரேடியோவைக்கூடப் போடவில்லை. மலையடிவாரத்துத் தாப்பா வந்த பிறகுதான் கோமதிக்குப் போன் போட எனக்குத் தைரியம் வந்தது. கோபிப்பாள் என்று நினைத்தேன். தட்டை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: “சோறு ஆறிப் போச்சு. பரவால்லங்க, அடுத்த தடவ வேற மாதிரித் தப்புப் பண்ணுங்க.”

ஒரு சுற்று குறைந்தால்

தப்புச் செய்வதற்குத்தான் வழி இல்லாமல் போயிற்று. பாக்கெட்டுகளுக்கு இடையில் அட்டை வைத்தோம். கொட்டகைக் கதவுக்குப் பிளாஸ்டிக் திரை போட்டோம். தேயிலைக்கென்று தனி லோரி. இந்த யோசனையெல்லாம் யாருடையது என்று கேட்கிறீர்களா? என்னுடையதுதான். நம்மைப் போன்றவர்களுக்குக் கை சும்மா இருக்காதே. மாதக்கணக்கில் ஒரு லோரிகூடத் திரும்பவில்லை. லீவு போடலாம் என்றால், சரக்குப் போகும் செவ்வாயும் பதில் வரும் புதனும் எனக்கு மட்டும் லீவு கிடையாது.

முனியாண்டிக்கு என்மேல் பரிதாபம். பேலட்டைச் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக்கை அடியில் ஒரு சுற்று குறைத்துச் சுற்றினால் போதும், மலைப்பாதை வளைவுகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்று காதில் ஓதினான். அந்தச் செவ்வாய் பிளாஸ்டிக் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு பேலட் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஆசையாக இருந்தது, மறைக்க மாட்டேன். அவள் கையால் ஒரு வேளைச் சோறு. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கை வழக்கமான எல்லாச் சுற்றையும் சுற்றி முடித்து, அதற்குமேல் ஒரு சுற்றும் போட்டது. பின்னால் மாரியாயி அக்கா நின்றுகொண்டிருந்திருக்கிறார். எல்லாம் தெரிந்திருக்கிறது. “பொண்டாட்டியப் பாக்கணும்னா தொரைகிட்ட சொல்லிட்டுப் போ தம்பி. என் பெட்டிய ஏன் கீழ தள்ளணும்னு நெனைக்கிற?”

கேக் வெட்டினோம்

போன மாதம் கடையிலிருந்து தகவல் வந்தது. எங்கள் சரக்கு எப்போதும் ஒழுங்காக வருவதால், இனி கிடங்கில் திறந்தே பார்க்க மாட்டார்களாம். நேரே கடைக்குப் போய்விடுமாம். ஆர்டரும் கூடிவிட்டது, இனி புதன்கிழமையும் லோரி உண்டு. துரை பிரிஞ்சாங் டவுனிலிருந்து கேக் வாங்கி வந்தார். ஸ்ட்ராபெரி வைத்த கேக். என்னைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள். மாரியாயி அக்கா மட்டும் தட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் துண்டை முனியாண்டிக்குக் கொடுத்துவிட்டேன். துரை நல்ல மனிதர், சந்தோஷமாக என் தோளில் தட்டினார்: “இனிமே உங்களுக்கு அலைச்சலே இல்ல. கீழ எறங்கவே வேணாம் லா.”

ஒரு வாடிக்கையாளர்

நேற்று புதன்கிழமை. லோரியை அனுப்பிவிட்டுக் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். கோமதி போன் போட்டாள். பின்னால் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். உள்ளே நுழையத் தேவையான உறுப்பினர் அட்டையைத் தன் தங்கையிடம் வாங்கிக்கொண்டு அந்தக் கடைக்கே போயிருக்கிறாள். கடை நடுவில் நம்ம பேலட் முன்னால் நிற்கிறேன் என்றாள். தேயிலை தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். வீட்டில் நிறைய இருக்கிறது என்றாள். பிறகு ஏன் போனாய் என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

“ஒரு பெட்டியாவது நசுங்கியிருக்கான்னு சுத்திச் சுத்திப் பாத்தேங்க. ஒன்னுகூட இல்ல. நல்லாத்தான் கட்டியிருக்கீங்க.”

ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு இந்தத் தொழில் தரும் பரிசு, அலையாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்பதுதான். வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் அது கேட்பதில்லை.